“லிஃப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் இருக்கும்” – இந்தப் பதிலை ஏற்க முடியாது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: லிஃப்ட் கிட், டயர், டோ ஹிட்ச் பொருத்தியதில் உள்ள குறைகள்

ஐயா / அம்மா,

உங்கள் பட்டறையில் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 3 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட், 33 அங்குல டயர், பின்னால் ட்ரெய்லர் இழுக்க டோ ஹிட்ச் மூன்றையும் ஒரே பேக்கேஜாகப் போட்டுக்கொண்டேன். சாமான்களில் குறை சொல்ல மாட்டேன். மாட்டி முடித்த பிறகு வண்டியை முழுசாக யாரும் பார்க்கவே இல்லை, அதுதான் என் புகார்.

டெலிவரி எடுத்த அன்றே, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. நேர் ரோட்டிலும் வண்டி அலைந்தது. போன் செய்தால், “லிஃப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் உங்கள் ஆள். வெளியே அலைன்மென்ட் பார்த்தேன். காஸ்டர், அதாவது ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் முன்சக்கரச் சாய்வுக் கோணம், பாதியாகக் குறைந்திருக்கிறது. வண்டியை உயர்த்தினால் முன் ஆக்ஸில் கொஞ்சம் சுழன்றுவிடும், அதை ஈடுகட்ட அட்ஜஸ்டபிள் ஆர்மோ ஆஃப்செட் புஷ்ஷோ போடவேண்டும் என்றார்கள். உங்கள் பில்லில் ‘வீல் அலைன்மென்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. எதற்குப் போட்ட காசு அது?

அங்கேயே ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரம் தொங்கத் தொங்க, இடப்பக்க பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் பாகம்) பக்கத்து முனையில் ரப்பர் வெளுத்து, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே வண்டியில்தான் முந்தின வாரம் குடும்பத்தோடு மலைப்பாதையில் இறங்கி வந்தேன். நீள ஷாக் அப்சார்பர் போட்டவர்களுக்கு ஹோஸும் நீளமாக வேண்டும் என்று தோன்றவில்லையா?

ஸ்பீடோமீட்டரையும் தொடவில்லை. பழைய டயர் 29 அங்குலம். முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 91-ல் போகிறது. (மைலேஜ் விழுந்துவிட்டதே என்று நான் புலம்பியதில் ஒரு பங்கு இந்தக் கணக்குக் கோளாறுதான்.)

ஹிட்ச் விஷயம் இதைவிட மோசம். லிஃப்டில் 3, டயரில் 2, ஆக 5 அங்குலம் உயர்ந்த வண்டிக்கு, ட்ரெய்லரை மாட்டும் பால் (இரும்பு உருண்டை) இருக்கும் பாரை இறக்கமில்லாமல் நேராகவே மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தப் பால் மேல் இறங்கவேண்டும். மூக்கு தூக்கினால் பாரம் பின்னால் சாய்ந்து, வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. இறக்கம் உள்ள பார் ஒன்று போட்டிருந்தால் தீர்ந்தது.

கடைசியாக, சாவி கொடுக்கும்போது உங்கள் ஃபிட்டர் சொன்னது: “சேற்றில் மாட்டினா இந்த பால்லயே கயிறு போட்டு இழுத்துக்கலாம்.” இதை இனி எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லவிடாதீர்கள். பால் ட்ரெய்லர் இழுக்க மட்டும்தான். புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும்போது அது ஒடிந்தால் குண்டு மாதிரி பறக்கும். அப்படி உயிர் போனதும் உண்டு.

நான் கேட்பது: இரண்டு பக்க முன் ஹோஸ்களையும் நீளமானதாக மாற்றுங்கள், காஸ்டரைச் சரிசெய்து அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள், ஸ்பீடோமீட்டரைத் திருத்துங்கள், சரியான பார் போடுங்கள். கூடுதல் கட்டணம் தரமாட்டேன். வெளியே அலைன்மென்ட் பார்த்த செலவும் திரும்ப வேண்டும். பிரேக் இந்த நிலையில் இருப்பதால் வண்டியை நான் ஓட்டிவர முடியாது, நீங்களே ஏற்றிச் செல்லுங்கள். ஹோஸின் படங்களும் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன். 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்