கடலோரமாய் வடக்கே போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. உங்காத்தாளும் நானும் சுகம்.

தை மாதம் மாப்பிள்ளையும் பிள்ளைகளுமாக வந்து, காரைக்குடியிலிருந்து காரிலேயே கடலோரமாய்ப் பூம்புகார் வரை போவதாகச் சொன்னாய். நல்ல காலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது.

கிளம்பும் கிழமையைப் படகுகளைப் பார்த்து முடிவு செய். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஆகவே வியாழன் போய் ஞாயிறு திரும்புங்கள். போகையில் மீன் ஏலத்தைப் பார்க்கலாம், வருகையில் வீட்டுக்கு மீன் வாங்கலாம். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல் வழியாக விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் நல்ல மீனெல்லாம் லாரி ஏறிவிடும்.

அங்கிருந்து மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா. சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிடு. கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் பார்க்கலாம். சாலை அங்கேயே முடிந்துவிடும். திரும்ப வேதாரண்யம் வந்துதான் வடக்கே போக வேண்டும்.

ஒன்றை மறக்காதே. கோடியக்கரைக்குத் தெற்கே கடல் ஆழமில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். கோடியக்கரையைத் தாண்டி வடக்கே போனால் திறந்த வங்கக்கடல், அலையும் இழுப்பும் வேறு. மீமிசலில் காலை நனைத்த பழக்கத்தில் பிள்ளைகள் தரங்கம்பாடியில் இறங்கிவிடக் கூடாது. காரையும் மணலில் இறக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். மேலே காய்ந்து இறுகினாற்போலத் தெரியும், அடியில் ஈரமாக இருக்கும். சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும்.

சனி இரவு பட்டுக்கோட்டையில் தங்கினால் ஞாயிறு விடியலில் கோட்டைப்பட்டினம் வந்துவிடலாம். ஏலத்தில் கூடை கூடையாகத்தான் போகும், ஒரு கிலோ கேட்க முடியாது. ஏலம் எடுத்துப் பிரித்து விற்கும் பெண்களிடம் வாங்கு.

நண்டு உயிரோடு இருக்கட்டும். செத்த நண்டின் சதை சீக்கிரம் குழைந்து நாறும். கையில் தூக்கிப் பார். அளவுக்குக் கனமில்லாவிட்டால் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். வயிற்றுப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வை, ஐஸ் தண்ணீரில் போடாதே.

மீனுக்குத் தெர்மாகோல் பெட்டி கொண்டுபோ. எடைக்கு எடை ஐஸ், நொறுக்கியதாக. அடியில் ஒரு படுகை, மேலே மீன், மறுபடி ஐஸ். பெட்டியடியில் ஓரமாய் ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வை. உருகிய தண்ணீரில் ஊறினால் மீன் வெளிறி, சதை தளர்ந்துவிடும். கணவாயைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டித்தான் ஐஸில் வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் அதன் ருசியே போய்விடும்.

மதியத்துக்குள் வந்துவிடுங்கள், நண்டு ரசத்துக்கு உங்காத்தா மிளகும் சீரகமும் தட்டி வைத்திருப்பாள். வந்ததும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல். உப்புக்காற்று பட்ட இரும்பை நாலு நாள் அப்படியே விட்டால் துருப் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பச்சி