டைட்டானியம் தெரிந்தாலே போலி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இம்ப்ரெஷனிச ஓவியங்களை (19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் தோன்றிய பாணி) அருங்காட்சியகங்கள் எப்படி ஆராய்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயத்தைத் தொட்டிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ‘கையடக்க எக்ஸ்ரே கருவியைக் காட்டினால் அரை நிமிடத்தில் அசலா போலியா என்று தெரிந்துவிடும், டைட்டானியம் இருந்தால் போலி’ என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அந்த எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே ஒளிர்வு) கருவி தனிமங்களை மட்டுமே காட்டும். நிறமி எது என்பது நாம் செய்யும் ஊகம். பாதரசம் தெரிந்தால் வெர்மிலியன் சிவப்பு, குரோமியம் தெரிந்தால் விரிடியன் பச்சை, ஈயமும் குரோமியமும் சேர்ந்து வந்தால் குரோம் மஞ்சள் என்று கணக்குப் போடுகிறோம். சிக்கல் என்னவென்றால், கதிர் மேல்பூச்சோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் பூச்சுகளையும் துணியில் முதலில் தடவிய அடிப்பூச்சையும் சேர்த்தே படித்துவிடும். அக்கால அடிப்பூச்சுகளில் ஈயவெள்ளை சர்வசாதாரணம். எனவே விரிடியன் பூசிய இடத்திலும் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே வரும்.

இனி டைட்டானியம். டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது ஏறத்தாழ 1920-களில். 1870-களில் வரைந்ததாகச் சொல்லும் படத்தில் அது இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ்ரே உமிழும்; அவற்றைத்தான் ‘கோடு’ என்கிறோம். டைட்டானியத்தின் முதன்மைக் கோடு 4.51 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. பேரியத்தின் ஒரு கோடு 4.47-இல். சாதாரணக் கருவியில் இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் பேரியம் சல்பேட்டை விலை குறைந்த கலப்புப் பொருளாக வண்ணங்களில் தாராளமாகச் சேர்த்தார்கள். கருவியின் மென்பொருள் ‘டைட்டானியம்’ என்று பெயர் போட்டுக் கொடுக்கும். அவசரக்காரர் நல்ல ஓவியத்தைப் போலி என்று எழுதிவிடுவார். கருவியின் எக்ஸ்ரே குழாய் மின்னழுத்தத்தை 50 கிலோ வோல்ட் வரை ஏற்றி, 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே பேரியத்தின் இன்னொரு கோடு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் பேரியம் இருப்பது உறுதி. அதன் பிறகும் மிச்சமாக டைட்டானியம் நின்றால், புற ஊதா விளக்கில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும்போது அதன்மேல் கருந்திட்டாகத் தெரிந்தால், பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்துப் பூசிய வண்ணம் அது. ஓவியர்மேல் பழி இல்லை.

ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இதே வம்புதான்: ஈயத்தின் கோடு 10.55-இல், ஆர்சனிக்கின் கோடு 10.54-இல். தாமிரமும் ஆர்சனிக்கும் கலந்த எமரால்டு பச்சையை ஈயவெள்ளையோடு குழைத்திருந்தால், 11.73-இல் ஆர்சனிக்கின் இரண்டாம் கோட்டைத் தேட வேண்டும். அதைத் தேடாமல் ஆர்சனிக் உண்டு என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது.

கருவிக்குக் கண்ணே தெரியாத நிறமிகளும் உண்டு. லண்டன் நேஷனல் கேலரி ஆராய்ந்த, பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ‘குடைகள்’ ஓவியம் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு கட்டமாக வரையப்பட்டது. முதல் கட்டத்தில் கோபால்ட் நீலம், பிந்தைய கட்டத்தில் செயற்கை அல்ட்ராமரின். கோபால்ட்டை எக்ஸ்ஆர்எஃப் பளிச்சென்று காட்டும். அல்ட்ராமரினில் இருப்பவை சோடியம், அலுமினியம், சிலிக்கான், கந்தகம் போன்ற இலேசான தனிமங்கள். அவற்றின் வலுவற்ற கதிர் காற்றிலும் வார்னிஷிலுமே பெரும்பாலும் அடங்கிவிடும். இப்படிப்பட்ட இடத்தில், ஓரத்திலோ ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்திலோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கு எடுத்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அடுக்குகளின் எல்லை கலங்கியிருந்தால் ஈரத்தின்மேல் ஈரமாகப் பூசியது. கூர்மையாக இருந்தால் கீழ்ப்பூச்சு காய்ந்த பிறகு பூசியது. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘துரூவில் கடற்கரை’ (1870) வண்ணத்தில் மணல்துகள் ஒட்டியிருப்பது கடற்கரையில் வைத்தே வரைந்ததற்குச் சான்று. அதை வைத்து இம்ப்ரெஷனிச ஓவியம் எல்லாமே ஒரே அமர்வில் முடிந்தது என்று கட்டுரையாளர் சொல்வதற்குக் குறுக்குவெட்டுகள் இடம் கொடுப்பதில்லை.

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் உள்ள ரெனுவாரின் ‘மதாம் லியோன் கிளாப்பிசோன்’ (1883) பற்றிக் கட்டுரை ஒரே வரியில் நகர்ந்துவிட்டது. சட்டகத்தைக் கழற்றியபோது, அதன் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் படாத ஓரத்தில் அழுத்தமான செவ்வூதா நிறம் அப்படியே இருந்தது. மற்ற பின்னணியெல்லாம் வெளிறிய சாம்பல் நீலம். மங்கிப்போனது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பு. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாக அப்பியிருக்கும் பூச்சியும் அதற்கு நெருங்கிய உறவுதான். நசுக்கினால் விரல் சிவக்கும். இது கரிமச் சாயம் என்பதால் எக்ஸ்ஆர்எஃப் கையை விரித்துவிடும். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அறியும் முறை) பார்க்கலாம் என்றால், சாயம் தானே ஒளிர்ந்து ராமன் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். அதற்காகத் துணுக்கின்மேல் வெள்ளி நானோ துகள்களைச் சேர்ப்பார்கள். வெள்ளி அந்த ஒளிர்வை அடக்கி, சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்கும். சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த அதே ஒளிச்சிதறல்தான் இது. தமிழ் இதழொன்றின் கட்டுரையில் அவர் பெயர் விட்டுப்போனது வியப்பு.

போலி கண்டுபிடித்த உண்மை நிகழ்வு வேண்டுமென்றால் ஜெர்மனியின் கொலோன் நகரில், வால்ராஃப்-ரிஹார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர் வில்லே அருகே சேன் நதிக்கரையைக் காட்டும் ‘மோனே’ படம் போலி என்று 2008-இல் தெரியவந்தது. அகச்சிவப்புப் படத்தில் வண்ணத்துக்கு அடியில் கோட்டுச் சித்திரம் தெரிந்தது. பழையது போலத் தோற்றம் தர நிறமற்ற ஏதோ ஒன்றை மேலே பூசியிருந்ததும் தெரிந்தது. கோட்டுச் சித்திரம் இருப்பதே குற்றம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு இம்ப்ரெஷனிச ஓவியரான கைய்போத் அடிச்சித்திரம் போட்டு, அளவெடுத்து வரைந்தவர். மோனேயின் கைப்பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதே அங்கே கேள்வி. அதைக் கேட்க அவருடைய மற்ற படங்களைப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. சிவந்த பின்னணியோடு நீங்கள் அச்சிட்ட கிளாப்பிசோன் படத்தின் கீழ் ‘மீட்கப்பட்ட ஓவியம்’ என்று இருக்கிறது. அது கணினியில் நிறம் ஊட்டிய பிரதி. அசல் துணியில் யாரும் சிவப்பு பூசவில்லை. அது இன்றும் சாம்பல் நீலமாகத்தான் இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
சென்னை