கொடியை நீங்களே நடுங்கள்: தரங்கம்பாடி மீனவப் பஞ்சாயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தரங்கம்பாடி மீனவப் பஞ்சாயத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மே மாத விடுமுறையில் திருச்சியிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து மூன்று நாள் தங்கிப்போன குடும்பம் நாங்கள். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியார் பிறந்தது மாயவரம். சின்ன வயதில் அங்கிருந்து ரயிலேறித் தரங்கம்பாடிக்கு வந்து கடல் பார்த்த கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 1986-இல் அந்த ரயில் நின்றுபோனது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்டிவிட வேண்டும் என்ற அவர் ஆசைக்காகத்தான் கிளம்பினோம்.

முதல் நாள் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தோம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, பாதிரியார் சீகன்பால்கு நினைவிடம், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். நான் எழுத வந்தது இரண்டாம் நாள் காலையைப் பற்றி.

கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்து குளிக்க இடம் தேடினோம். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சமமாகக் கிடந்தது. நுரை இல்லை, சத்தமும் இல்லை. அதுதான் பத்திரம் என்று என் பன்னிரண்டு வயது மகனை அங்கே இறங்கச் சொன்னது நான்தான். முழங்கால் அளவுக்குப் போயிருப்பான். படகு நிழலில் வலைக் கிழிசல் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஓடிவந்தார். "தம்பி, ஏறு மேல! அங்க இழுக்கும்!" அந்தக் குரலுக்குப் பயந்தே அவன் கரையேறிவிட்டான்.

அப்புறம் அவர் எங்களை நிற்கவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கரையில் ஏறும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். அடிமணல் பள்ளமாகிக் கிடக்கும் இடத்தில் அது வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடும். அங்கே ஆழம் என்பதால் அலை உடையாது, எங்களைப் போன்ற வெளியூர்க்காரர் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும். தண்ணீர் கலங்கலாக இருப்பதையும், நுரை உள்ளே நகர்ந்து போவதையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. பக்கவாட்டில் விலகி, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வர வேண்டும். கல் கொட்டியிருக்கும் இடங்களை ஒட்டிக் குளிக்கவே கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்: "நேத்து இது அந்தப் பக்கம் இருந்துச்சும்மா. இன்னைக்கு இங்க வந்திருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எத்தனையோ கடற்கரைகளில் 'ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்' என்ற பலகையைப் பார்த்திருக்கிறேன். மொத்தக் கரைக்கும் ஒரே வார்த்தை. அதைப் படித்துவிட்டு எல்லோரும் இறங்கத்தான் செய்கிறார்கள், நானும் இறங்கியிருக்கிறேன். இழுப்பு இடம் மாறுகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகிறது, வாடையில் தெற்கே வருகிறது. இரும்புக் கம்பத்தில் எழுதி நட்ட பலகையால் அதன் பின்னால் போக முடியாது. தினமும் விடியுமுன் அந்தத் தண்ணீரைப் பார்க்கிற உங்களால் முடியும்.

அதனால் என் வேண்டுகோள் இது. விடுமுறைக் காலத்திலும் காணும் பொங்கல் போன்ற கூட்ட நாட்களிலும் காலையில் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் கரையைப் பார்த்து, இழுக்கும் இடத்தில் சிவப்புக் கொடி நடட்டும். குளிக்கக்கூடிய இடம் இருந்தால் அங்கே வேறு நிறக் கொடி. கடல் சரியில்லாத நாளில் 'இன்று யாரும் இறங்கக் கூடாது' என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்குக் கூலி வேண்டும், அதை வருகிற எங்களிடம் கேளுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு அறை எடுக்கிறவர்கள் குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க மாட்டோமா? எந்த வலை போடலாம், எது கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுக்கிறவர்கள் நீங்கள். கரைக்கு வரும் விருந்தாளிகளுக்கும் நீங்களே கட்டுப்பாடு வையுங்கள்.

குளிப்பது மட்டுமில்லை. என் மகள் மணலில் விரித்திருந்த நரம்பு வலைமேல் ஓடினாள். அது எத்தனை நாள் உழைப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய நான் கவனிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு கூட்டம் மீன் விற்கும் பெண்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு எடுங்கள், வலையை மிதிக்காதீர்கள், பாட்டிலை மணலில் விடாதீர்கள் என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

பெண்களுக்காக இன்னொன்றும் கேட்கிறேன். உடை மாற்றவும் கழிப்பறைக்கும் மாமியாரோடு அறைக்கும் கரைக்கும் அலைந்து நான் பட்ட பாடு போதும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் ஏறும் எல்லைக்கு 10 மீட்டர் தள்ளித் தற்காலிகக் கழிப்பறை, உடை மாற்றும் அறை வைக்க இடம் தருகிறது. கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை நடத்துவது உங்கள் ஊர்ப் பெண்களாக இருக்கட்டும், படகு ஏற்றும் இடத்தையும் வலை காயும் இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை கரையில் மீன் வாங்கப் போனேன். நான் நெத்திலியைக் காட்ட, விற்ற அக்கா கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, "பிள்ளைங்களுக்கா? சங்கரா எடுத்துக்கோ, முள்ளு பெருசு, பாத்து எடுத்துடலாம்" என்றார். தங்கிய வீட்டில் அதைக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். மாமியார் தன் கையால் முள் எடுத்துப் பேத்திக்கு ஊட்டினார்.

அடுத்த மே மாதமும் வருகிறோம். ஓடிவந்த அந்தப் பெரியவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வந்ததும் முதலில் அவரைத் தேடுவேன். கொடி எங்கே நட்டிருக்கிறீர்களோ, அதற்கு இந்தப் பக்கம் நிற்போம்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு தாய்