பசுமைச் சான்றிதழோடு மின்கட்டணமும் தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எழும் அரசு அலுவலகங்களும் நூலகங்களும் மருத்துவமனைகளும், மின்சாரத்தையும் தண்ணீரையும் குறைவாகச் செலவழிக்கும் பசுமைக் கட்டடங்களாகவே அமையும் என்ற அறிவிப்புகளை இப்போது அடிக்கடி படிக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் திறப்பு விழா முடிந்து சில ஆண்டுகளில் அந்தப் பசுமை என்ன ஆகிறது என்பதை எவரும் கேட்பதில்லை என்ற கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற சித்திரையில் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கட்டி அதிக காலம் ஆகாத கட்டடம் அது. மூன்றாவது மாடியில் மேற்குச் சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரை, கண்ணாடிதான். மாலை நான்கு மணி வெயிலைத் தாங்க முடியாத ஊழியர்கள், பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார்கள். அறை இருட்டிவிட்டதால் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடி உள்ளே விட்ட வெப்பத்தை வெளியேற்ற ஏசி இயந்திரங்கள் திணறிக்கொண்டிருந்தன. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்று வைத்த கண்ணாடி, இரண்டு வகையில் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஊழியர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், கோடையில் தெற்குச் சுவரில் உச்சி வெயில் விழுவதே இல்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும், நண்பகலில் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது; சன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால் வெயிலின் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். மேற்கில் நிலைமை வேறு. மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேடு சன்னலின் மேல் ஓரடிக்குத்தான் நிழல் தரும். ஆகவே மேற்கில் படிக்கட்டு, கழிப்பறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை வைத்து, ஆட்கள் உட்காரும் அறைகளை வடக்கு, தெற்குப் பக்கங்களில் அமைக்க வேண்டும். வரைபடத்தைத் திருப்பி வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆவதில்லை. அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் சுவரின் மேல்பகுதியில் வெப்பக் காற்று வெளியேற வென்டிலேட்டரும் வைத்துப் பழைய தாலுகா அலுவலகங்களைக் கட்டிய கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்தே இருந்தது.

நன்றாக அமைந்த கட்டடங்களும் நம்மிடம் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடங்களை மதிப்பிட்டுத் தரும் லீட் (LEED) சான்றில் தங்கத் தரம் பெற்றது. ஆயினும் அந்த நூலகத்தின் பராமரிப்புக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை தலையிட நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டும்போது தருகிற சான்று, பிறகு அந்தக் கட்டடத்தை யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நான் சொன்ன அலுவலகத்தின் மொட்டை மாடிக்கும் போய்ப் பார்த்தேன். சூரிய மின் தகடுகளின்மேல் தூசியும் பறவை எச்சமும் கெட்டியாகப் படிந்திருந்தன. அவற்றைக் கழுவ மாடியில் ஒரு குழாய்கூட இல்லை. தகடுகளுக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் தண்ணீர்க் குழாயை நினைக்கவில்லை. கீழே மழைநீர்க் குழாய் சிமெண்ட் கல் பதித்த தரைக்குமேல் வந்து நின்றுவிட்டது. உறிஞ்சுகுழி அந்தக் கற்களுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது என்று காவலாளி சொன்னார். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; 1,000 சதுர மீட்டர் மாடியில் அது 14 லட்சம் லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 11 லட்சம் லிட்டர் நிலத்துக்குள் இறங்க வேண்டும். அந்த அலுவலகத்தில் அது தெருச் சாக்கடைக்குப் போகிறது.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். பசுமைக் கட்டடம் என்று சொல்லப்படும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் வாசலிலும், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, சூரியத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் தந்தன என்பதை ஒரு பலகையில் எழுதி, ஆண்டுதோறும் திருத்தி வைக்க வேண்டும். கட்டுமான மதிப்பீட்டிலேயே முதல் பத்து ஆண்டுகளின் பராமரிப்புச் செலவையும் சேர்த்து, அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவியையும் அதே பலகையில் குறிப்பிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே, உறிஞ்சுகுழிகளைத் திறந்து மண்ணை அள்ளியாக வேண்டும். இவ்வாண்டுக்கு அந்த வேலையை இப்போதே தொடங்கினால் ஐப்பசி மழையை இழக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
தாம்பரம்.