சிங்கம் ஏன் சாகணும், தாத்தா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்குக் காட்பாடி வந்த என் ஒன்பது வயதுப் பேத்திக்கு, எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய முதல் கதையை (1950) இரவில் மொட்டைமாடியில் தமிழில் சொல்லி வந்தேன். மிட்டாய்க்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்த எட்மண்ட் என்ற சிறுவனுக்காக, ஆஸ்லான் என்ற சிங்கம் உயிரைக் கொடுக்கிறது. பிடரியை மழித்து, கல் மேசையில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். பேத்தி என் துண்டின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பு பண்ணினது அவன்தானே தாத்தா, சிங்கம் ஏன் சாகணும்?”

இயேசுவின் பெயர் என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மறுநாள் மேசை இரண்டாகப் பிளந்து சிங்கம் உயிரோடு வந்ததும், “ஈஸ்டர் மாதிரியே இருக்கே!” என்று அவளே துள்ளினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, வேலூர்க் கோட்டைக்குள் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து அகழியோரம் நடந்தபோதும் அதே பேச்சுதான். எட்மண்டை எல்லோரும் மன்னித்ததுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

சூனியக்காரி வருகிறாள் என்பதற்காகவே இக்கதைகளைச் சில பெற்றோர் ஒதுக்குவது எனக்கு வருத்தம். தங்கள் சிறுவர் பக்கத்தில் இவற்றை அறிமுகம் செய்ய வேண்டுகிறேன்.

ஒரு தாத்தா,
காட்பாடி.