நெதர்லாந்தில் நோய் என்றால் 104 வாரக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்து வேலை பற்றிப் பேச்சு வந்தால் நம் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "அங்கே உடம்பு முடியாமல் போனால் இரண்டு வருடம் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம்." இதை அப்படியே நம்பி ஐந்தோவனுக்கும் ஆம்ஸ்டல்வேனுக்கும் வந்திறங்கும் நம் பிள்ளைகள், உண்மையிலேயே படுத்துவிடும்போது செய்வதறியாமல் நிற்கிறார்கள். இரண்டு வருடம் என்பது சரி. சம்பளம் என்பது முக்கால் பங்கு சரி. வீட்டில் இருக்கலாம் என்பது தவறு. நோயுற்ற முதல் நாளிலிருந்தே அங்கே வாரங்கள் எண்ணப்படுகின்றன. இந்த வாரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது தெரியாதவர் பணத்தை இழக்கிறார், சில சமயம் உரிமையையும் இழக்கிறார்.

முதலில் பணம். டச்சு உரிமையியல் சட்டத்தின் 7-ஆம் நூல் 629-ஆம் பிரிவுப்படி, நோயுற்ற தொழிலாளிக்கு 104 வாரம் வரை ஊதியத்தில் குறைந்தது 70 விழுக்காட்டை முதலாளி தரவேண்டும். முதல் 52 வாரத்தில் அந்தத் தொகை சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மிக அதிகச் சம்பளக்காரருக்கு இந்த 70 விழுக்காட்டுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பல துறைகளின் கூட்டு ஒப்பந்தங்கள் முதலாண்டு 100, இரண்டாமாண்டு 70 என்று வைத்திருக்கின்றன. ஆனால் இது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நோயின் முதல் இரண்டு நாளுக்கு ஊதியம் இல்லை என்று எழுதிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இந்தப் பத்தியைத் தேடிப் படிப்பது நல்லது. வீட்டு வாடகையே சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் ஊரில் 100-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

இந்தச் சுமை முழுவதும் முதலாளியின் தலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து ஜெர்மனியில் முதலாளி கொடுப்பது ஆறு வாரம்தான். பிறகு நோய்க் காப்பீட்டு நிதி பார்த்துக்கொள்ளும். டச்சுக்காரர்கள் ஏன் இப்படி வைத்தார்கள்? 1970, 80-களில் அங்கே ஆள் குறைக்க நினைத்த நிறுவனங்கள், வேலைநீக்கத்துக்குப் பதிலாக ஊழியர்களை 'உழைக்க இயலாதோர்' ஓய்வூதியத்தில் தள்ளிவிட்டன. நிறுவனத்துக்குச் செலவில்லை, தொழிலாளிக்கும் வேலையின்மைப் படியைவிட அதில் கூடுதல் பணம். அரசு கஜானா மட்டும் கரைந்தது. அந்தப் பட்டியல் பத்து லட்சத்தை நெருங்கியபோது, 1990-இல் பிரதமர் ரூட் லுபர்ஸ் "நெதர்லாந்து நோயுற்றிருக்கிறது" என்றார். படியைக் குறைக்கப் போனபோது, 1991 செப்டம்பரில் ஹேக் நகரின் மாலிவெல்ட் திடலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதன்பின் 1996-இல் ஓராண்டு ஊதியம் முதலாளியின் பொறுப்பானது, 2004-இல் அது ஈராண்டானது. நடுவில், 2002 ஏப்ரல் 1 அன்று வந்ததுதான் 'வாயிற்காப்போன் சட்டம்'. ஓய்வூதிய வாசலில் நின்று, உள்ளே வருமுன் எல்லா முயற்சியும் செய்தீர்களா என்று கேட்கும் சட்டம் அது. மேலே சொன்ன வாரக் கணக்கு இதில்தான் இருக்கிறது.

இனி முதல் நாள். நம் ஊரில் "சார், வைரல் ஃபீவர்" என்று செய்தி அனுப்பி, மருந்துச் சீட்டைப் படம் பிடித்துச் சேர்த்து, மூன்றாம் நாள் மெடிக்கல் சர்டிபிகேட் கொடுப்பது வழக்கம். அங்கே இந்த மூன்றுமே தேவையில்லை. குடும்ப மருத்துவர் சான்றிதழ் தரமாட்டார். சிகிச்சை தருபவர் தன் நோயாளியின் வேலைத் தகுதி பற்றிச் சான்று எழுதக்கூடாது என்பது டச்சு மருத்துவர் சங்கத்தின் நெறி. காலையில் மேலாளரைக் கூப்பிட்டு "நான் நோயுற்றிருக்கிறேன்" என்றால் போதும். அவர் கேட்கக்கூடியவை: எத்தனை நாள் ஆகலாம், எந்த எண்ணில், எந்த முகவரியில் உங்களைப் பிடிக்கலாம், கையில் உள்ள வேலையில் எதை யாரிடம் மாற்ற வேண்டும், இது பணியிட விபத்தா, வேறொருவர் பொறுப்பேற்க வேண்டிய சாலை விபத்தா. என்ன நோய் என்று கேட்க அவருக்கு அனுமதி இல்லை. நீங்களாகச் சொன்னாலும் அதைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது. வலிப்பு, நீரிழிவு போல அவசரத்தில் சக ஊழியர் உதவ வேண்டிய நோய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நோய்க் காரணங்களை இணையத்தில் திறந்து கிடந்த ஒரு கோப்பில் எழுதி வைத்த ஒரு நிறுவனத்துக்குத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 15,000 யூரோ அபராதமே போட்டது.

நோயைப் பற்றி அறியும் உரிமை நிறுவன மருத்துவர் ஒருவருக்கே. அவருக்குப் பணம் கொடுப்பது முதலாளி என்றாலும், நோயைப் பற்றி அந்த மருத்துவர் முதலாளியிடம் வாயைத் திறக்க மாட்டார். "நாளுக்கு நான்கு மணி நேரம் உட்காரலாம், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, கெடு வைத்த வேலை வேண்டாம்" என்று இயன்றதையும் இயலாததையும் மட்டுமே மேலாளருக்கு எழுதுவார். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே இந்தச் சுவர்தான். மன அழுத்தமோ, கருச்சிதைவோ, புற்றுநோயோ, அலுவலகம் முழுக்கப் பரவாமல் ஒருவர் குணமாகி வந்து தன் நாற்காலியில் உட்காரலாம். நம்மவர்கள் பழக்க தோஷத்தில் இந்தச் சுவரைத் தாங்களே இடித்து, அறிக்கைகளை எல்லாம் மேலாளருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிறுவன மருத்துவரிடமோ சுருக்கமாக "பரவாயில்லை டாக்டர், முன்னைக்கு இப்போது தேவலை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். அவர் எழுதும் அந்த ஒரு தாள்தான் அடுத்த ஈராண்டுக்கும் அடிப்படை. எத்தனை நிமிடம் திரையைப் பார்த்தால் தலை வலிக்கிறது, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று குறித்து எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு வாரத்துக்குள் நிறுவனம் தன் மருத்துவச் சேவைக்குத் தகவல் தரவேண்டும். ஆறாம் வாரத்துக்குள் மருத்துவரின் சிக்கல் ஆய்வு, எட்டாம் வாரத்துக்குள் முதலாளியும் தொழிலாளியும் கையெழுத்திட்ட செயல்திட்டம், பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பேச்சு. 42-ஆம் வாரத்தில் தொழிலாளர் காப்பீட்டு நிறுவனமான யூ.டபிள்யூ.வி.க்கு முதலாளி அறிவிக்க வேண்டும். 52-ஐ ஒட்டி முதலாண்டு மதிப்பீடு. அதுவரை தேடுவது சொந்த நிறுவனத்துக்குள் பழைய வேலை அல்லது இயன்ற வேலை. அங்கே வாய்ப்பில்லை என்று தெரிந்தால், மதிப்பீடு முடிந்த ஆறு வாரத்துக்குள் 'இரண்டாம் தடம்', அதாவது வேறு நிறுவனத்தில் வேலை தேடுவது தொடங்க வேண்டும். நம்மவர்கள் அதிகம் மனம் நோவது இங்கேதான். என்னை வெளியே தள்ளுகிறார்கள் என்று நினைத்து மறுத்துவிடுகிறார்கள். இரண்டாம் தடம் வேலைநீக்கம் ஆகாது. ஒப்பந்தம் அப்படியே இருக்கும், நோயைக் காரணம் காட்டி முதல் ஈராண்டில் நீக்கவும் முடியாது. ஆனால் உடம்புக்கு இயன்ற வேலையைக் காரணமின்றி மறுத்தால் ஊதியத்தை நிறுத்தலாம், அது திரும்ப வராது. தொலைபேசியை எடுக்காமல், மருத்துவரைப் பார்க்கப் போகாமல் இருந்தால் ஊதியத்தைத் தள்ளிவைப்பார்கள். அது விதியைப் பின்பற்றியபின் கிடைத்துவிடும். முதலாளியின் கடிதத்தில் 'நிறுத்தம்', 'தள்ளிவைப்பு' என்ற இந்த இரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாதி நேரம் வேலைக்குத் திரும்புவது 104 வாரக் கடிகாரத்தை நிறுத்தாது. முழுதாகத் தேறி, இடைவிடாமல் நான்கு வாரம் வேலை செய்த பின்பே பழைய கணக்கு அழியும். இருபதாம் நாள் மறுபடி படுத்தால் முந்தைய வாரங்களோடு கூட்டிவிடுவார்கள். ஆகவே, உடம்பு முழுதாகத் தேறாமல், மேலாளரின் முகத்துக்காக "சரியாகிவிட்டது" என்று அறிவிப்பது ஆபத்து. தேறிவிட்டதாக அறிவித்த தேதி பிற்காலத்தில் எல்லாக் கணக்கையும் குழப்பும். வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டு போகும் அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிறுவன மருத்துவரின் கருத்தில் உடன்பாடில்லை என்றால், 2017 ஜூலையிலிருந்து வேறொரு நிறுவன மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கலாம், செலவு முதலாளியுடையது. கொடுத்த வேலை உடம்புக்குப் பொருந்துமா, முதலாளி போதிய முயற்சி எடுத்தாரா என்பதில் தகராறு என்றால் யூ.டபிள்யூ.வி.யிடம் நிபுணர் தீர்ப்புக் கேட்க வேண்டும். தொழிலாளிக்குக் கட்டணம் 100 யூரோ. நிறுத்திய ஊதியத்துக்காக நீதிமன்றம் போவதானாலும் பொதுவாக இந்தத் தீர்ப்பு கையில் இருக்கவேண்டும்.

88-ஆம் வாரத்தில் யூ.டபிள்யூ.வி.யின் கடிதம் வரும். 93-ஆம் வாரத்துக்குள் 'வியா' எனப்படும் இயலாமைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தாமதித்தால் பணமும் தாமதிக்கும். இங்கே முதலில் பார்ப்பது உங்களை அல்ல, ஈராண்டு முயற்சிகளின் ஆவணங்களை. முதலாளி போதிய முயற்சி எடுக்கவில்லை என்று கண்டால் இன்னும் 52 வாரம் வரை ஊதியம் தரச் சொல்வார்கள். முதலாளிகள் தேதி தவறாமல் கடிதம் அனுப்புவதற்குக் காரணம் இந்த அச்சம்தான்.

அடுத்தது 35 விழுக்காட்டு வரம்பு: வருமான இழப்பு அதற்குக் கீழே என்றால் 'வியா' இல்லை. இதில் ஓர் அநீதி இருப்பதாகவே நினைக்கிறேன். யூ.டபிள்யூ.வி. நோயின் கடுமையை அளப்பதில்லை, வருமான இழப்பை அளக்கிறது. நீங்கள் ஏட்டளவில் செய்யக்கூடிய வேலைகளைத் தன் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அவற்றின் கூலியைப் பழைய கூலியோடு ஒப்பிடுகிறது. மாதம் 3,000 யூரோ வாங்கியவர் 2,000 யூரோ வேலை செய்ய முடியும் என்றால் இழப்பு 33 விழுக்காடு. 'வியா'வில் ஒரு காசு இல்லை. 6,000 வாங்கிய மென்பொருள்காரருக்கு அதே முதுகுவலி, அதே 2,000 யூரோ வேலை என்றால் இழப்பு 67. அவருக்குப் படி உண்டு. குறைந்தபட்சக் கூலி வாங்கும் துப்புரவுத் தொழிலாளிக்கோ, தரவுத்தளத்தில் உள்ள எந்த முழுநேர வேலையும் குறைந்தபட்சக் கூலியாவது தரும் என்பதால் இழப்பே தெரியாது. நேரம் குறைந்தால்தான் தெரியும்.

படி கிடைத்தாலும் கணக்கைச் சரிபாருங்கள். நோய்க்கு முந்தைய ஓராண்டு ஊதியத்தை 261-ஆல் வகுத்து நாள் ஊதியம் போடுகிறார்கள். இந்தப் படிகளில் பலருக்குக் கணக்குத் தப்பாகப் போடப்பட்டது 2024-இல் வெளிவந்து நாடாளுமன்றம் வரை போனது. சம்பளச் சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேமித்து வையுங்கள். யூ.டபிள்யூ.வி.யில் மருத்துவர் பற்றாக்குறையால் பரிசோதனை மாதக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு. அதுவரை முன்பணம் கேட்டு வாங்கலாம்.

மேலே சொன்னதெல்லாம் நிரந்தர ஒப்பந்தக்காரருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஓராண்டு ஒப்பந்தம் நோயின் 30-ஆம் வாரத்தில் முடிந்தால் முதலாளியின் பொறுப்பும் முடிந்தது. மீதி வாரங்களுக்கு யூ.டபிள்யூ.வி. நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு தரும். அதற்கு, கடைசி வேலை நாளில் முதலாளி உங்களை நோயாளி என்று அங்கே பதிய வேண்டும். பதிந்தாரா என்று கேளுங்கள். தகுதிகாண் காலத்தில் நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பே இல்லை. சுயதொழில் செய்பவருக்கு இதில் எதுவும் கிடையாது. தனியார் காப்பீட்டின் விலை கட்டுப்படியாகாமல், 20 முதல் 50 பேர் நம் ஊர்ச் சீட்டுப் போல் மாதாமாதம் பணம் போட்டு, படுத்தவருக்கு ஈராண்டு வரை கொடுத்து உதவும் 'ரொட்டி நிதி'க் குழுக்களை 2006 முதல் அவர்கள் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். ஈராண்டுச் சுமைக்குப் பயந்தே சிறு முதலாளிகள் நிரந்தர வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கே நீண்ட காலமாக வாதம் நடக்கிறது. அதில் உண்மை இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன்.

கடைசியாக, விடுமுறைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ வந்த இடத்தில் காய்ச்சலில் விழுபவர்களுக்கு. அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். திரும்பிப் போய்ச் சொன்னால் எடுபடாது. சட்டப்படியான விடுப்பு நாள்கள், வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆண்டுக்கு 20, நோயால் கழியக்கூடாது. அவை உங்கள் கணக்கில் மிஞ்சும். நம் ஊரில் பார்த்த மருத்துவரிடம், பார்த்த தேதி, செய்த சோதனை, கொடுத்த சிகிச்சை, எந்தத் தேதி வரை விமானப் பயணம் கூடாது என்பதை ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். "ஓய்வு தேவை" என்று ஒரு வரியில் எழுதித் தரும் சான்று அங்கே உதவாது. அந்தத் தாளை மேலாளருக்கு அனுப்பாமல், நிறுவன மருத்துவரின் முகவரியைக் கேட்டு அவருக்கு அனுப்புங்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
உத்ரெக்ட், நெதர்லாந்து