இன்னும் எவ்வளவு தூரம், தாத்தா?

தாம்பரம்,
மே 24

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள்கள் ஆகின்றன. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய்; மகிழ்ச்சி. இங்கே எனக்கும் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைத் தவிர உடம்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உன் மகள் ஜூன் மூன்றாம் வாரத்தில் பிள்ளைகளோடு சென்னையில் வந்து இறங்குவதையும், ரயிலில் இடம் கிடைக்காததால் நீயே மருமகனோடு காரில் வந்து நாகர்கோவிலுக்கு அழைத்துப் போகப் போவதையும் படித்தேன். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம் ஆறு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் எப்படிச் சமாளிப்பது என்று நீ கேட்டிருக்கிறாய். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு நடுவே பின் இருக்கையில் உட்கார்ந்து ஒரே ஆண்டில் இரண்டு முறை திருநெல்வேலி போய் வந்தவன் என்ற தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதல் பயணம் பொங்கலுக்கு. அது எல்லா வகையிலும் தோல்வி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் விழுப்புரம் வரை தூங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டோம். ஊருக்குப் போகும் உற்சாகத்தில் இருவரும் நான்கு மணிக்கே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். பெருங்களத்தூர் நெரிசலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் நேரத்தில் சென்னையே அந்த ஒரு வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகிறது. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டுவதற்குள் பேத்தி முதல் தடவையாக, "இன்னும் எவ்வளவு தூரம், தாத்தா?" என்று கேட்டாள். நானும், "இதோ வந்துவிட்டது, கண்ணு" என்றேன். அதற்கு மேல் 580 கிலோமீட்டர் இருந்தது.

மருமகள் ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமான்கள் எடுத்து வந்திருந்தாள். அவை அத்தனையும் செங்கல்பட்டுக்குள் தீர்ந்துவிட்டன, பாதி இருக்கைக்கு அடியில், பாதி சண்டையில். பிறகு மகன் கைப்பேசியில் பொம்மைப் படத்தைப் போட்டுப் பையன் கையில் கொடுத்தான். அரை மணி நேரம் வண்டியில் சத்தமே இல்லை. நாங்களும் பெருமூச்சு விட்டோம். மேல்மருவத்தூரை நெருங்கும்போது பையனின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிடம் என் வேட்டி நனைந்தது. காரணம் எளிமையானது. வண்டி ஓடுகிறது, திரும்புகிறது என்று உள்காது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கையளவு திரையில் பதிந்திருக்கும் கண்ணோ எதுவுமே அசையவில்லை என்று சொல்லும். இந்த இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம்; உன் பேரனும் பேத்தியும் சரியாக அந்த வயதில்தான் இருக்கிறார்கள். புத்தகமும் வண்ணம் தீட்டுவதும் இதே வேலையைத்தான் செய்யும். பார்வை தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொள். வயிற்றைக் காலியாகவும் வைக்காதே, நிரப்பவும் செய்யாதே. கிளம்புமுன் பால் வேண்டாம். மிளகாய்ப்பொடியைக் குறைத்து நல்லெண்ணெய் தடவிய இரண்டு இட்லி போதும். நான்கைந்து பிளாஸ்டிக் பைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள். டிக்கியில் வைத்தால் அவை உனக்கு உதவாது.

அன்று இரவு ஊரில் படுத்தபடி யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேத்தி கேட்ட கேள்வி நியாயமானது. நான் சொன்ன பதில் பொய். நமக்கு 600 கிலோமீட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், திருச்சியில் சாப்பாடு, கோவில்பட்டியில் காபி என்று மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது வெறும் எண்; நான்கு வயதுக் குழந்தைக்கு எண்கூட இல்லை. எப்போது முடியும் என்று தெரியாத ஒன்றில் கட்டிப்போட்டு உட்காரவைத்தால் நீயும் நானும்கூடக் கத்தத்தான் செய்வோம். ஆகவே அவர்களுக்கு விளையாட்டுச் சாமானுக்கு முன்னால் தேவைப்படுவது ஓர் அளவுகோல்.

இந்த மே மாதப் பயணத்துக்கு முன் அதைச் செய்தேன். போன வருடத்துத் தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பி, மேலிருந்து கீழாக ஒரு சாலையை வரைந்து, தாம்பரம் முதல் திருநெல்வேலி வரை ஊர்களைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பையனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம்: மதுராந்தகத்துக்கு ஏரி, திருச்சிக்கு மலைக்கோட்டை, விராலிமலைக்கு மயில், ஒத்தக்கடைக்கு யானை, கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், கயத்தாறுக்குக் காற்றாலை. அட்டையை முன் இருக்கையின் முதுகில் தொங்கவிட்டு, விளிம்பில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டினேன். ஊர் கடக்கும்போதெல்லாம் கிளிப்பைக் கீழே இறக்குவது பையனின் வேலை. ஊர்ப் பலகையைப் படித்து உத்தரவு கொடுப்பது பேத்தியின் வேலை. பதினோரு மணி நேரத்தில் "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்வி என்னிடம் வரவில்லை. பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "மயிலுக்கு அப்புறம் யானைதான்" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பேத்திக்கு இன்னொரு பட்டியலும் கொடுத்திருந்தேன்: வழியில் கடக்கும் ஆறுகள். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, வைப்பாறு, கடைசியில் தாமிரபரணி. செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும், "ஆறு எங்கே?" என்று கேட்டாள். "இதுதான்" என்றேன். மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அடுத்த ஆறுகளுக்கும் பெரும்பாலும் அதே குறிதான் கிடைத்தது. காவிரிக்கு மட்டும், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு ஓடிக்கொண்டிருந்ததைக் கருணையோடு கருதி, அரை மதிப்பெண் போட்டாள். தாமிரபரணியைப் பார்த்ததும், "இதில்தான் தாத்தா தண்ணீர் இருக்கிறது" என்று அவள் கூவியபோது, நம் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட பெருமையை உன்னிடம் மறைப்பானேன்? நீங்கள் வரும்போது, வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்திருந்தால், காவிரிக்கு முழு மதிப்பெண் கிடைக்கக்கூடும். திருச்சிப் புறவழிச்சாலையில் கொள்ளிடத்தையும் காவிரியையும் அடுத்தடுத்துக் கடக்கும்போது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் காட்டு. 236 அடி உயரம் என்பது குழந்தைக்குப் புரியாது. உங்கள் தெருவிலேயே உயரமான தென்னையைப் போல எத்தனை தென்னை என்று கேட்டுப் பார்.

வண்டி எண்களைக் கொண்டு ஆடும் ஆட்டம் பெரியவளுக்கு ஏற்றது. டி.என். 45 என்றால் திருச்சி, 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி, 74 உங்கள் நாகர்கோவில் என்று நான்கைந்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். நம் ஊர் வண்டியை முதலில் கண்டுபிடிப்பவர்க்கு அடுத்த சுங்கச்சாவடி வரை ஜன்னலோர இருக்கை. சின்னவனுக்கு எண் வேண்டாம், நிறம் போதும்: வெள்ளைப் பலகை வீட்டு வண்டி, மஞ்சள் பலகை வாடகை வண்டி, பச்சைப் பலகை மின்சார வண்டி. கிலோமீட்டர் கல்லையும் இப்படியே காட்டலாம். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்கப்பட்டுத் தடுப்புக்கட்டை தூக்கப்படுவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு பந்தயம் நடந்தது. மகனுக்கு எரிச்சல் தரும் அந்தக் காத்திருப்பு பிள்ளைகளுக்குத் திருவிழாவாகிவிட்டது; ஓரிடத்தில் எண்பது வரை எண்ணினார்கள்.

சொல் சங்கிலி ஆடும்போது நம் மொழியின் இயல்பு குறுக்கே வரும் என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. 'மரம்' என்றால் அடுத்தவர் 'ம'வில் தொடங்கலாம், 'மயில்' என்று வந்துவிட்டால் 'ல'வில் தமிழ்ச் சொல்லே கிடையாதே. பேத்தி, "லட்டு!" என்று கத்தினாள். அது தமிழா என்று நான் இழுத்தேன். தின்னக்கூடியதாக இருந்தால் எந்த மொழிச் சொல்லும் செல்லும் என்று மருமகள் முன் இருக்கையிலிருந்து தீர்ப்பளித்தாள். பிறகு 'ஊர், ரயில், லாரி, ரிக்‌ஷா' என்று வண்டிகளாகவே வந்தன. நம் சொற்கள் தொடங்க மறுக்கும் எழுத்துகளில் எல்லாம் வந்தேறிச் சொற்கள் சக்கரம் கட்டி ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றியது. மீன், கண், முள் என்று முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள். இல்லாவிட்டால் ஆட்டம் மூன்றே சொல்லில் நின்றுவிடும். விடுகதையில் 'ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்' என்பதைச் சாலையோரத்தில் இளநீர்க் கடை கண்ணில் பட்டவுடன் போடு. 'யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை' என்பதை வேகமாகச் சொல்லச் சொன்னால் பெரியவர்கள்தான் முதலில் தோற்பார்கள். அது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பயணம் முழுவதிலும் அவர்களை அதிகம் மகிழ்வித்த பொருளை நான் திட்டமிடவே இல்லை. விழுப்புரத்துக்கு முன்னால் பனைகள் நிறைந்த ஓரிடத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு நுங்குக் கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த பின் மிஞ்சும் வெற்றுக் காயை எடுத்து, நடுவே குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தேன். நீயும் நானும் ஆற்றங்கரை வரை பந்தயம் விட்ட அதே வண்டிதான். கடைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் இருவரும் இருபது நிமிடம் ஓடினார்கள்; அதன் பிறகு ஒரு நல்ல தூக்கம் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, ஏதாவது கொறிக்க வாங்கிக் கொடுப்பதைவிட, ஓட விடு. உட்கார்ந்த உடம்பு வேறெதையும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பின் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே எதையும் ஆடாதே. நான் அங்கே ஒரு தப்புச் செய்தேன். விராலிமலையில் மயில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, வெயிலில் கால் மணி நேரம் நின்று, இரண்டு ஆடுகளைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். நாங்கள் நிறுத்தி வைத்த நேரத்துக்குள் வண்டிக்குள் கிடந்த மெழுகு வண்ணக்குச்சிகள் உருகி இருக்கையில் ஓவியமாகிவிட்டன. அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. பேத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்; என்ன பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, கம்பிகள் ஏறி ஏறி இறங்குகின்றன" என்றாள். அதைக் கலைக்காமல் விட்டோம். ஒத்தக்கடையில் யானைமலையைக் கண்டதும் பையன், "யானை ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்டு எல்லோரையும் மீண்டும் பேச வைத்தான்.

மதுரைக்குத் தெற்கே நீங்கள் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகரில் இருக்கிறது என்று சொல். பனி பெய்யும் ஊரிலிருந்து வரும் சாலை என்றால் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குச் சுவாரசியமாக இருக்கும். சாத்தூர்ச் சேவு சின்னவனுக்குக் காரம். கடலை மிட்டாய் கொடுக்கலாம், இருக்கையைத் துடைக்க ஈரத்துணி இருந்தால். கயத்தாற்றில் கட்டபொம்மன் கதையை, 1799இல் தூக்கிலிட்டது வரைக்கும் சொல்லத் தொடங்கினேன். மருமகள் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில், காற்றாலைகளை எண்ணும் பணிக்குத் தாவிவிட்டேன். அதற்குப் பதில், அவர் தம்பி ஊமைத்துரை பிறகு சிறையிலிருந்து தப்பிய கதையைச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இரவில் ஓட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று உன் மருமகன் சொல்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். பிள்ளைகள் தூங்கும் அதே நேரத்தில்தான் ஓட்டுபவனின் கண்ணும் சொருகும். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பையன் அழுகிறான் என்று முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளவும் விடாதே. அம்பாசடரில் ஒன்பது பேர் குற்றாலம் போன நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், முன்னால் காற்றுப்பை வெடித்தால் மடியிலிருக்கும் குழந்தைதான் முதலில் அடிபடும். குழந்தை இருக்கையை உன் மகள் கொண்டுவருகிறாளா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

நீங்கள் கிளம்பும் அன்று காலை தாம்பரம் வழியாகத்தானே வரவேண்டும்? வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அட்டையையும் கிளிப்பையும் கொடுக்கிறேன் என்று பேத்தியிடம் சொன்னேன். சம்மதித்துவிட்டாள், ஆனால் திருநெல்வேலிக்குக் கீழே வெற்றிடமாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. நாங்குநேரியையும் ஆரல்வாய்மொழியையும் அவளாகவே எழுதி, ஆரல்வாய்மொழிக்குப் பெரிய காற்றாலை ஒன்றை வரைந்துவிட்டாள். நடுவில் வள்ளியூர் முதலில் வருமா, பணகுடி முதலில் வருமா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாளாக வாக்குவாதம். அது உன் எல்லை என்பதால் உன்னிடமே கேட்கச் சொல்கிறாள். மறக்காமல் எழுது.

உன் அன்பு நண்பன்